லேபிள் ஒட்டும் வேலை

வணக்கம் மேடம்,

நான் நுண்ணுயிரியலில் பிஎச்டி மூன்றாம் ஆண்டு. வைரஸ் தொற்றுக்கும் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பைப் பற்றிய ஒரு நீண்டகால ஆய்வில் சேர்ந்தேன். சேர்ந்த நாளிலிருந்து ரத்தத்திலிருந்து சீரம் என்ற தெளிந்த திரவத்தைப் பிரித்து, டியூபில் லேபிள் ஒட்டி, ஃப்ரீசரில் அடுக்குவதுதான் வேலை. என்னோடு சேர்ந்தவர்கள் மரபணு வரிசை பார்க்கிறார்கள், கட்டுரை வெளியிடுகிறார்கள். கைடைக் கேட்டால் 'பொறு' என்கிறார். வைரஸ், எதிர்ப்பாற்றல், புற்றுநோய், இந்த மூன்றில் எதை எடுத்தால் எதிர்காலம் உண்டு? வெளிநாடு போய்விடலாமா? வைரஸை வைத்தே புற்றுநோயைக் குணமாக்கலாம் என்கிறார்களே, அந்தப் பக்கம் போகலாமா? இந்த வேலையில் எனக்கும் ஏதாவது தொற்றிவிடுமோ என்று அம்மா பயப்படுகிறார். பெயர் வெளியிட வேண்டாம்.

ந.

அன்புள்ள ந.,

நான்கைந்து கேள்வி கேட்டிருக்கிறீர்கள். ஆனால் என்னைப் பிடித்து நிறுத்தியது நீங்கள் புலம்பலாகச் சொன்ன அந்த ஒரு வரிதான்: லேபிள் ஒட்டி ஃப்ரீசரில் அடுக்குவது. கொஞ்ச நாளாக நானும் இதைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். அதனால் மற்றதைச் சுருக்கமாக முடித்துக்கொள்கிறேன்.

வெளிநாடு போக நல்ல வாய்ப்பு வந்தால் போங்கள். இங்கே அலுத்துவிட்டது என்று மட்டும் போகாதீர்கள். வைரஸ் சிகிச்சை நல்ல துறைதான். மெலனோமா என்ற தோல் புற்றுநோய்க்கு, மாற்றியமைத்த ஹெர்பிஸ் வைரஸ் ஒன்றுக்கு 2015இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ஆனால் பேச்சு அடிபடுகிறது என்பதற்காக ஒரு துறைக்குத் தாவினால், அடுத்த பேச்சு வரும்போது அங்கிருந்தும் தாவத் தோன்றும்.

மூன்றில் எது என்ற கேள்வி எனக்குக் கோபத்தையே வரவழைத்தது. மூன்றாம் ஆண்டில் இருப்பவர் கேட்கிற கேள்வியா இது? எப்ஸ்டைன்-பார் வைரஸை எடுத்துக்கொள்ளுங்கள். உலகில் வயது வந்தவர்களில் 90 சதவீதத்துக்கு மேல் அதைச் சுமக்கிறார்கள். உங்களிடமும் என்னிடமும் அநேகமாக இருக்கும். பி செல்கள் என்ற ரத்த வெள்ளை அணுக்களுக்குள் பதுங்கியிருக்கும் அதை, டி செல்கள் என்ற இன்னொரு வகை வெள்ளை அணுக்கள் ஆயுள் முழுக்கக் கட்டுக்குள் வைத்திருக்கின்றன. மாற்று உறுப்பு பொருத்திக்கொண்டவருக்கு, அந்த உறுப்பை உடல் தள்ளிவிடாமலிருக்க எதிர்ப்பாற்றலை மட்டுப்படுத்தும் மருந்து கொடுக்கிறார்கள். கட்டுப்பாடு தளர்கிறது, சிலருக்கு லிம்ஃபோமா என்ற நிணநீர்ப் புற்றுநோய் வருகிறது. மருந்தின் அளவைக் குறைத்ததும் சிலருக்கு அந்தக் கட்டி கரைந்தும் போகிறது. இப்போது சொல்லுங்கள், இது வைரஸ் படிப்பா, எதிர்ப்பாற்றல் படிப்பா, புற்றுநோய்ப் படிப்பா? எந்த வாசல் வழியாக நுழைந்தாலும் மற்ற இரண்டையும் நீங்கள் படித்தே ஆக வேண்டும்.

சரி, டியூபுக்கு வருகிறேன்.

கட்டிக்குள் ஒரு வைரஸ் இருக்கிறது என்று காட்டுவது இன்று பெரிய காரியமில்லை. அந்த வைரஸ்தான் கட்டியைக் கொண்டுவந்ததா, அல்லது கட்டி வந்த பிறகு அங்கே வந்து ஒட்டிக்கொண்டதா என்பதுதான் கஷ்டமான கேள்வி. கட்டியை மட்டும் பார்த்து இதற்குப் பதில் சொல்வது பெரும்பாலும் நடக்காது. நோய் வருவதற்கு முன்பே அந்த மனிதரிடமிருந்து எடுத்த ரத்தம் வேண்டும். அவருக்கு நோய் வரப்போகிறது என்று யாருக்குமே தெரியாத நாளில் எடுத்தது.

1964இல் எப்ஸ்டைன், அச்சாங், பார் மூவரும் நான் மேலே சொன்ன எப்ஸ்டைன்-பார் வைரஸைக் கண்டார்கள். ஆப்பிரிக்கக் குழந்தைகளுக்கு வரும் பர்கிட் லிம்ஃபோமாவின் செல்களை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோது தெரிந்தது. ஆனால் அது என்ன செய்கிறது என்று தெரியவில்லை. ஃபிலடெல்ஃபியாவில் வெர்னர் ஹென்லே, கெர்ட்ரூட் ஹென்லே தம்பதியின் ஆய்வகத்தில் ஒரு டெக்னீஷியன் இருந்தார். அந்த வைரஸுக்கு எதிராக உடல் உருவாக்கும் ஆன்டிபாடி என்ற புரதம் அவர் ரத்தத்தில் இல்லை. அதனால் சோதனைகளில் நெகடிவ் கண்ட்ரோலாக, அதாவது தொற்றாத ரத்தம் எப்படி இருக்கும் என்று ஒப்பிட, அவருடைய ரத்தத்தையே எடுத்துக்கொண்டிருந்தார்கள். 1967இல் அவருக்குக் காய்ச்சலும் தொண்டை வலியுமாக மோனோநியூக்ளியோசிஸ் என்ற நோய் வந்தது. குணமாகித் திரும்பியவரின் ரத்தத்தைப் பார்த்தால் ஆன்டிபாடி இருக்கிறது! மோனோநியூக்ளியோசிஸ் எதனால் வருகிறது என்ற புதிருக்கு விடை அங்கிருந்துதான் கிடைத்தது. அவருடைய பழைய முடிவுகள் தேதியோடு பதிவாகியிருக்காவிட்டால், நெகடிவாக இருந்தவர் பாசிடிவாக மாறினார் என்று யாரால் சொல்லியிருக்க முடியும்?

ஒரே ஒருவரை வைத்து முடிவு கட்ட முடியாது. யேல் பல்கலைக்கழகத்தில் மாணவர்களிடமிருந்து முன்பே எடுத்த சீரம் சேமிப்பில் இருந்தது. பிறகு மோனோநியூக்ளியோசிஸ் வந்தவர்களின் பழைய டியூபையும் புதிய டியூபையும் ஒப்பிட்டார்கள். முன்பு இல்லை, பின்பு இருக்கிறது. 1968இல் விஷயம் முடிவுக்கு வந்தது. அந்தச் சீரத்தைப் பிரித்து வைத்தவரும் உங்களைப் போல அலுத்துக்கொண்டிருப்பார் என்றே நினைக்கிறேன்.

உகாண்டாவில் 1970களில் சுமார் 42,000 குழந்தைகளிடம் ரத்தம் எடுத்து வைத்துவிட்டுக் காத்திருந்தார்கள். அத்தனை பேரில் பர்கிட் லிம்ஃபோமா வந்து, பழைய சீரமும் கையில் இருந்த குழந்தைகள் 14 பேர்தான். அந்த 14 டியூப்களுக்காக 42,000 டியூப்கள். நோய் வருவதற்குப் பல மாதங்கள் முன்பே அந்தக் குழந்தைகளிடம் ஆன்டிபாடி அளவு மற்றவர்களைவிட உயர்ந்திருந்தது. 1978இல் அது வெளியானது. தைவானில் பாமர் பீஸ்லி என்ற ஆய்வாளர் 22,707 அரசு ஊழியர்களிடம் ரத்தம் எடுத்து, யாரிடம் ஹெபடைடிஸ் பி வைரஸ் இருக்கிறது என்று குறித்துக்கொண்டு பின்தொடர்ந்தார். 1981இல் எழுதும்போது அவர்களில் 41 பேர் கல்லீரல் புற்றுநோயால் இறந்திருந்தார்கள். அதில் 40 பேர் வைரஸைச் சுமந்தவர்கள். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனத்துப்போகிறது. ரத்தம் கொடுத்த அன்று அவர்கள் எல்லோரும் வேலைக்குப் போய்வந்துகொண்டிருந்தவர்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இதை யாரும் அதிகம் பேசுவதில்லை. கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கு ஹெர்பிஸ் வைரஸின் இரண்டாம் வகைதான் காரணம் என்று பல வருடங்கள் நம்பினார்கள். நோயாளிகளிடம் அதற்கான ஆன்டிபாடி அதிகம் இருந்தது உண்மைதான். ஹெரால்ட் சுர் ஹவுசன் என்ற ஜெர்மன் வைரஸ் ஆய்வாளர் கட்டிகளுக்குள் அந்த வைரஸின் டிஎன்ஏவைத் தேடினார், கிடைக்கவில்லை. வேறு பக்கம் தேடி, 1983இல் அவருடைய குழு பாப்பிலோமா வைரஸின் 16ஆம் வகையைக் கண்டது. மறு வருடம், செக்கோஸ்லோவாக்கியாவில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் முன்கூட்டியே ரத்தம் எடுத்துப் பின்தொடர்ந்த ஆய்வின் முடிவு வந்தது. பின்னால் நோய் வந்தவர்களுக்கும் வராதவர்களுக்கும் ஹெர்பிஸ் ஆன்டிபாடியில் வித்தியாசம் இல்லை. நோய் வந்த பிறகு எடுத்த சீரம் ஒரு வைரஸின் மீது பழி போட்டது, முன்பே எடுத்துவைத்த சீரம் அந்தப் பழியை நீக்கியது. நீங்கள் அடுக்குவது இந்த இரண்டாவது வகை.

நான் வேலை பார்த்த இடத்தில் ஒரு நீண்ட விடுமுறையில் ஃப்ரீசர் நின்றுபோனது. அலாரம் இரைச்சலாக இருக்கிறது என்று நிர்வாகத்தில் யாரோ அதை எப்போதோ கழற்றச் சொல்லியிருந்தார்கள். நாங்கள் திறந்தபோது பெட்டிகளெல்லாம் தண்ணீரில் ஊறிக் கிடந்தன. காகித லேபிள்கள் உரிந்து மிதந்தன. பேனாவில் எழுதியது கரைந்து நீலக் கறையாக நின்றது. எங்கள் மூத்த டெக்னீஷியன் அண்ணன் டியூபின் சொரசொரப்பான பட்டையில் பென்சிலால் எழுதுகிறவர். அவர் எழுதியவை மட்டும் அப்படியே இருந்தன. மற்றதைப் பெட்டி வரிசையை வைத்து ஊகித்துவிடலாம் என்று ஒரு மாணவர் கெஞ்சினார். அவருடைய ஆய்வேடே அதில்தான் இருந்தது. அண்ணன் ஒரு டியூபை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். வெளிர்மஞ்சள் நிறத்தில், பார்க்க ஒரு குறையும் இல்லை. "யாரோடதுன்னு தெரியலேன்னா இது வெறும் தண்ணிதாம்மா" என்று என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டு, நீராவியில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவுக்குப் போகும் பையில் போட்டார். அந்த மாணவர் அழுதார். அவர் முதுகைத் தட்டிக்கொடுத்தபடியே அண்ணன் மீதியையும் போட்டார்.

இதையெல்லாம் உங்கள் கைடு முதல் வாரமே சொல்லியிருக்க வேண்டும். 'பொறு' என்ற ஒற்றைச் சொல்லை வைத்துக்கொண்டு யாராலும் மூன்று வருடம் வேலை செய்ய முடியாது. அந்த விஷயத்தில் உங்கள் வருத்தம் நியாயம். அவரிடம் நேராகக் கேளுங்கள். எத்தனை பேரைப் பின்தொடர்கிறோம், யாருக்காவது நோய் வந்திருக்கிறதா, முதல் ஒப்பீட்டைச் செய்யப்போவது யார், அதில் என் பெயர் இருக்குமா? பதில் சொல்ல மறுத்தால் வேறு இடம் பாருங்கள், அதில் தப்பில்லை. டியூப் அலுத்துப்போனதால் கிளம்பினால்தான் எனக்கு வருத்தம்.

அம்மாவின் கேள்விக்கு வருகிறேன், அதைக் கடைசி வரியில் போட்டிருக்கிறீர்களே! ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூன்று தவணையும் போட்டாயிற்றா? போட்டதோடு விட்டுவிடாதீர்கள். கடைசி ஊசிக்கு ஒன்றிரண்டு மாதம் கழித்து ஆன்டிபாடி அளவு பார்க்க வேண்டும். ஒரு மில்லிலிட்டருக்கு 10 மில்லி யூனிட்டாவது இருக்க வேண்டும். இல்லையென்றால் டாக்டரிடம் சொல்லி மறுபடி போட்டுக்கொள்ளுங்கள். நாள் கடந்துவிட்டிருந்தாலும் டாக்டரைக் கேளுங்கள், என்ன செய்யலாம் என்று அவர் சொல்வார். ஊசிக்குத் திரும்ப மூடி போடாதீர்கள். குத்திக்கொண்டால் உடனே சோப்பு போட்டுக் கழுவிவிட்டு, எவ்வளவு சின்னக் குத்தலாக இருந்தாலும் அன்றைக்கே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். ரத்தத்தைச் சுழற்றிப் பிரிக்கும் சென்ட்ரிஃபியூஜ் முழுதாக நிற்கும் முன் மூடியைத் திறக்காதீர்கள். இந்த வாரமே அந்த ஆன்டிபாடி சோதனையைச் செய்து, முடிவை அம்மாவிடம் காட்டுங்கள்.

அன்புடன்.