அந்தக் கையின் சூடு

கேள்வி: ஐயா, என் மகன் 2022ஆம் ஆண்டு, 16 வயதில், இருசக்கர வாகன விபத்தில் தலையில் அடிபட்டு, மூன்றாம் நாள் மூளைச்சாவு அடைந்துவிட்டதாக மருத்துவர்கள் சொன்னார்கள். இதயம், கல்லீரல், சிறுநீரகங்கள், கண்கள் ஆகியவற்றைக் கொடுக்க நானும் என் கணவரும் கையெழுத்திட்டோம். அறுவை அரங்குக்குக் கொண்டுபோகும் வரை அவன் கையைப் பிடித்திருந்தேன். அது சூடாகவே இருந்தது. முந்தைய இரவில் அவன் விரல்கள் அசைந்ததையும் பார்த்தேன். உயிரோடு இருந்த பிள்ளையைத்தான் கொடுத்துவிட்டேனோ என்ற நினைப்பு இன்னமும் விடியற்காலையில் என்னை எழுப்பிவிடுகிறது. கண்ணைக் கொடுத்ததால் அடுத்த பிறவியில் பார்வையில்லாமல் பிறப்பான் என்று என் மாமியார் சொல்கிறார். அவன் இதயம் யாரிடம் இருக்கிறது என்று அறிய வழி உண்டா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சேலம் மாவட்டம்

பதில்: சகோதரி, தீவிர சிகிச்சைப் பிரிவில் பல ஆண்டுகள் மருத்துவராக இருந்தவன் என்ற முறையில் உங்கள் முதல் சந்தேகத்துக்கே நான் அதிகம் எழுத வேண்டும், ஏனெனில், அதை அன்றே உங்கள் அருகில் உட்கார்ந்து யாராவது விளக்கியிருந்தால், இத்தனை விடியற்காலைகள் உங்களுக்கு இப்படிக் கழிந்திருக்க வேண்டியதில்லை.

இதயம் துடிப்பதற்கு மூளையின் கட்டளை தேவையில்லை. தன் துடிப்பைத் தானே எழுப்பிக்கொள்ளும் ஒரு சிறு திசு அதற்குள்ளேயே இருக்கிறது. பிராணவாயு கிடைக்கும் வரை அது துடிக்கும். மூச்சு அப்படியன்று. அதை இயக்கும் மூளைத்தண்டு, அதாவது மூளையின் அடிப்பகுதி, செத்துவிட்டால் மூச்சு நின்றுவிடும், பிறகு எந்த மருந்தாலும் அது திரும்பாது. உங்கள் மகனின் மார்பு ஏறி இறங்கியது வென்டிலேட்டரின் வேலை. அந்தக் காற்றைக் கொண்டு இதயம் ரத்தத்தைச் செலுத்தியது. அதனால் கை சூடாக இருந்தது. இன்னொன்றையும் சொல்கிறேன். உடலின் சூட்டைக் காப்பதும் மூளையின் பொறுப்பு என்பதால், மூளைச்சாவுக்குப் பின் உடல் குளிரத் தொடங்கும். கம்பளி போர்த்தியும் வெதுவெதுப்பான காற்றைச் செலுத்தியும் செவிலியர்கள்தாம் அதைக் காக்கிறார்கள். நீங்கள் பிடித்திருந்த அந்தச் சூட்டில் பெயர் தெரியாத ஒரு செவிலியரின் உழைப்பும் இருந்திருக்கலாம்.

விரல் அசைந்ததை நீங்கள் கற்பனை செய்யவில்லை. முதுகுத்தண்டு வடம் மூளையின் துணையின்றியே சில அசைவுகளை எழுப்பக்கூடியது. மூளைச்சாவு அடைந்தவர்களிடம் விரலோ பாதமோ, சில வேளைகளில் கை முழுவதுமோ அசைவதை மருத்துவர்கள் நன்கு அறிவார்கள். அதை முன்கூட்டியே பெற்றோரிடம் சொல்லிவைக்காதது எங்கள் தரப்பின் குறை என்றே நான் கருதுகிறேன்.

மூளைச்சாவை ஒருவர் மட்டும் முடிவு செய்துவிட முடியாது. 1994ஆம் ஆண்டின் மனித உறுப்பு மாற்றுச் சட்டப்படி நான்கு மருத்துவர்கள் அதைச் சான்றளிக்க வேண்டும். உறுப்பு மாற்று அறுவைக் குழுவினர் அதில் இடம்பெறக் கூடாது. கண்ணில் ஒளி பாய்ச்சினால் பாவை சுருங்குகிறதா, காதுக்குள் பனிக்குளிர் நீரை விட்டால் விழி நகர்கிறதா, தொண்டையைத் தொட்டால் இருமல் வருகிறதா என்றெல்லாம் பார்ப்பார்கள். இறுதியாக, பிராணவாயுவை மட்டும் கொடுத்தபடி வென்டிலேட்டரைக் கழற்றி, ரத்தத்தில் கரியமில வாயு ஏற ஏற ஒரு மூச்சாவது தானாக எழுகிறதா என்று காத்திருப்பார்கள். குறைந்தது 6 மணி நேரம் கழித்து இத்தனையையும் மறுபடி செய்வார்கள். அந்த இரண்டு முறையும் உங்கள் பிள்ளை மூச்சு விடவில்லை, சகோதரி. நீங்கள் கையெழுத்திடுவதற்கு முன்பே அவன் போய்விட்டான். உங்கள் கையெழுத்தால் அவனுக்கு எதுவும் நேர்ந்துவிடவில்லை.

மருத்துவம் படித்தவர்களுக்கும் அந்தக் கையெழுத்து எளிதன்று. 2008 செப்டம்பரில் திருக்கழுக்குன்றத்தைச் சேர்ந்த மருத்துவத் தம்பதி அசோகனும் புஷ்பாஞ்சலியும் இருசக்கர வாகன விபத்தில் தங்கள் 15 வயது மகன் ஹிதேந்திரனை இழந்தார்கள். மூளைச்சாவு என்றால் என்னவென்று யாரும் விளக்க வேண்டிய நிலையில் அவர்கள் இல்லை. ஆயினும், தெரிந்திருப்பதால் வலி குறைந்துவிடுமா? அவர்கள் கொடுத்த இதயம் சென்னைத் தேனாம்பேட்டையிலிருந்து முகப்பேருக்கு, காவல்துறை வழியை ஒழுங்குசெய்து தர, 11 நிமிடங்களில் சென்று 9 வயதுச் சிறுமி ஒருத்திக்குப் பொருத்தப்பட்டது. எடுத்த இதயம் சுமார் 4 மணி நேரத்துக்குள் மறுபடி துடித்தாக வேண்டும் என்பதால்தான் அந்த வேகம். உறுப்புக்கொடை என்ற சொல் தமிழ்நாட்டின் வீடுகளுக்குள் நுழைந்தது அந்தப் பிள்ளையால்தான். ஆறு ஆண்டுகள் கழித்து, 2014இல், இதற்கென்றே தனி ஆணையத்தை அரசு அமைத்தது. கொடையளித்தவர்களின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையுடன் நடக்கும் என்ற அறிவிப்பு 2023 செப்டம்பர் 23 அன்றுதான் வந்தது. உங்கள் மகனுக்கு அந்த மரியாதை கிடைக்காமல் போனது எனக்கு வருத்தமே.

மாமியாரிடம் கோபிக்க வேண்டாம்; அவரும் பேரனைப் பறிகொடுத்தவர். கண்தானத்தில் பெரும்பாலும் கண்ணின் முன்புறத்திலுள்ள கருவிழிப் படலத்தைத்தான் மற்றவருக்குப் பொருத்துகிறார்கள் என்று சொல்லுங்கள். தன் கண்ணையே பெயர்த்து அப்பிய கண்ணப்பரை நாம் நாயன்மார் வரிசையில் வைத்துக் கும்பிடுகிறோம். அந்தக் கதையை அவரே பேரனுக்குச் சொல்லித் தந்திருக்கக்கூடும்.

இதயம் பெற்றவர் யார் என்பதைப் பொதுவாக வெளியிடுவதில்லை. இரு குடும்பங்களுக்கும் இடையே பணமோ கடமையுணர்வோ புகுந்துவிடக் கூடாது என்பதே அதன் நோக்கம். அதை நான் சரியென்றே நினைக்கிறேன். மருத்துவமனையின் உறுப்பு மாற்று ஒருங்கிணைப்பாளரிடம், இதயம் பெற்றவர் நலமா என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். பெயரும் ஊரும் இல்லாத ஒரு கடிதத்தை அவரிடம் சேர்ப்பிக்க முடியுமா என்றும் கேட்கலாம். பதில் வராவிட்டால் நன்றியில்லாதவர் என்று எண்ணிவிடாதீர்கள். இன்னொரு வீட்டுப் பிள்ளையின் இதயத்தைத் தாங்கி வாழ்பவருக்கு அந்தத் தாய்க்கு என்ன எழுதுவது என்றே தெரியாமலிருக்கலாம்.

கேள்வி: எங்கள் தெருவில் ஒரு தம்பதி மகளின் உறுப்புகளைத் தானம் செய்தவர்கள். ஓராண்டு நினைவு நாளுக்குப் போகிறோம். அவர்களிடம் என்ன பேசுவது?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: "எத்தனை பேரை வாழவைத்தாள்" என்று தொடங்காதீர்கள், அதை அவர்கள் ஓராண்டாகக் கேட்டுக்கொண்டிருப்பார்கள். அந்தப் பெண்ணைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுங்கள். அவளைப் பற்றி உங்களுக்கு மட்டும் தெரிந்த ஏதாவது ஒன்று, உங்கள் வீட்டு வாசலில் அவள் சைக்கிளோடு விழுந்ததோ, தெருநாய்க்குப் பெயர் வைத்ததோ, பெற்றோருக்குத் தெரியாததாக இருந்தால் இன்னும் நல்லது, அதைச் சொல்லுங்கள். அவர்கள் அழுதால் பேச்சை மாற்றாமல் உடன் உட்கார்ந்திருங்கள்.