நெல்லை மாவட்டம் கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்தில் பறவை மீன் பிடிப்பதைப் படமெடுப்பது எப்படி?

"கேமரா நல்லதுதான், ஆனால் நாரை மீனைக் கவ்வும் நொடி மட்டும் தவறிவிடுகிறது" என்று கேட்டிருக்கிறீர்கள். கேமராவைக் குறை சொல்ல வேண்டாம். பறவை எப்படி இரை தேடுகிறது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

மஞ்சள் மூக்கு நாரை பெரும்பாலும் கண்ணை நம்பி மீன் பிடிப்பதில்லை. அலகைப் பாதி திறந்தபடி தண்ணீரில் விட்டு, இப்படியும் அப்படியும் துழாவிக்கொண்டே நடக்கும். ஒரு காலால் சேற்றைக் கலக்கி மீனைக் கிளப்பும். அலகில் ஏதாவது பட்டதும் டக்கென்று மூடிவிடும். அந்த நொடிக்கு நம் விரல் ஈடுகொடுக்காது. மீனும் தண்ணீருக்குள்தான் இருக்கும். அதை விடுங்கள். பிறகு தலையை நிமிர்த்தி மீனைத் தொண்டைக்குள் தள்ளுமே, அதுதான் படம். கால் கலக்கத் தொடங்கியதும் பறவையின் கண்ணில் ஃபோகஸ் வைத்துக்கொண்டு, தலை எழும்பும்போது தொடர்ச்சியாக க்ளிக் அடியுங்கள். ஷட்டர் வேகம் 1/1600 நொடி போதும். வெள்ளை இறகு வெளுத்துவிடாமல் எக்ஸ்போஷரை (படத்தில் விழும் வெளிச்ச அளவை) கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்.

கருப்பு வெள்ளை மீன்கொத்தி வேறு ரகம். அந்தரத்தில் சிறகடித்து நின்று, தலைகீழாகப் பாயும். அதற்கு 1/3200 வையுங்கள்.

அப்புறம், கூந்தன்குளம் ஊருக்குள் இருக்கும் மரங்களிலேயே கூடு உண்டு. தாய்ப்பறவை கக்கிக் கொடுக்கும் மீனுக்குக் குஞ்சுகள் அடித்துக்கொள்வதைத் தெருவில் நின்றே எடுக்கலாம். பறவைகளுக்காகத் தீபாவளி வெடியையே விட்டுக்கொடுத்த ஊர் அது. கூட்டிலிருக்கும் பறவையைக் கிளப்பக் கைதட்டினால் சும்மா விடமாட்டார்கள்.