ஆப்பிரிக்கக் கிராமப் பள்ளியில் பாடம் நடத்தத் தன்னார்வலராகப் போகலாமா?

போகலாம். ஆனால் பாடம் நடத்தத்தான் போகிறோம் என்று நினைத்துக்கொண்டு போகாதீர்கள். நான் அப்படிப் போய் மூக்குடைபட்டவன்.

தான்சானியாவின் நடுப்பகுதி, சிங்கிடா பக்கம். சுற்றிலும் சூரியகாந்தி வயல், நடுவே ஒரு அரசுத் தொடக்கப் பள்ளி. சம்பளமில்லா விடுப்பில் மூன்று மாதம் இருந்தேன். ஆறாம் வகுப்பில் தொண்ணூறு பிள்ளைகள். இரண்டு பேர் பெஞ்சில் நான்கு பேர். அங்கே தொடக்கப் பள்ளிக் கட்டணத்தை 2001-லும் உயர்நிலைப் பள்ளிக் கட்டணத்தை 2016-லும் எடுத்துவிட்டார்கள். பிள்ளைகள் வந்துவிட்டார்கள், வகுப்பறையும் வாத்தியாரும்தான் போதவில்லை.

முதல் நாள் கணக்கை ஆங்கிலத்தில் நடத்தினேன். புரிகிறதா என்று கேட்டால் மொத்த வகுப்பும் "ந்தியோ, ம்வாலிமு" என்றது. அந்நாட்டுப் பொது மொழியான சுவாஹிலியில் ஆமாம் சார் என்று அர்த்தம். (ஆசிரியராக இருந்த முதல் அதிபர் ஜூலியஸ் நைரேரேயை நாடே ம்வாலிமு என்றுதான் சொல்லும். எனக்கும் அதே பட்டமா என்று பூரிப்பு வேறு!) மறுநாள் ஒரு முக்கோணம் வரையச் சொன்னேன். முன்வரிசைப் பெண் பக்கத்துப் பையன் நோட்டைப் பார்த்தாள்; அவன் அவள் நோட்டைப் பார்த்தான். பின்னால் நின்ற வகுப்பாசிரியை ஒரே ஒரு வார்த்தை சொன்னார்: "பெம்பெடாட்டு." அத்தனை பென்சிலும் ஓடத் தொடங்கின.

பெம்பே என்றால் மூலை, மாட்டுக் கொம்புக்கும் அதே சொல்தான். டாட்டு என்றால் மூன்று. நம் முக்கோணத்தைப் போலவே கட்டிய சொல்.

அங்கே அரசுப் பள்ளிகளில் ஏழாம் வகுப்பு வரை சுவாஹிலி வழி, ஆங்கிலம் ஒரு பாடம் மட்டும். உயர்நிலைப் பள்ளியில் கால் வைத்ததும் கணக்கு, அறிவியல் எல்லாம் ஆங்கிலம். பிளஸ் டூ வரை தமிழ் வழியில் படித்துவிட்டு இன்ஜினியரிங் முதல் வருடம் முழித்தவன் நான். இவர்களுக்கு அது பதினான்கு வயதிலேயே வந்துவிடுகிறது.

அப்புறம் சாக்பீஸை ஆசிரியையிடமே கொடுத்துவிட்டேன். மாலையில் தொண்ணூறு நோட்டுகளைத் திருத்துவது என் வேலை. அந்த நேரத்தில் அவர் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளை உட்காரவைத்து, இடது பக்கம் சுவாஹிலி, வலது பக்கம் ஆங்கிலம் என்று சொற்பட்டியல் எழுதவைத்தார். ஒளிச்சேர்க்கைக்கு 'உசனிசினுரு', அதில் வரும் நுரு ஒளிதான். பழைய காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் பெரிதாக எழுதிச் சுவரில் ஒட்டினோம். நான் செய்ததில் உருப்படியானது இதுதான் என்பேன்.

பிள்ளைகளும் எனக்குப் பாடம் எடுத்தார்கள். மாட்டுக்கு அங்கே 'ஙோம்பே'. வெளிநாட்டுக்காரர்கள் வாயில் அந்த முதல் எழுத்து நுழையாது என்று என்னைச் சொல்லவைத்துச் சிரிக்கக் காத்திருந்தார்கள். ஒன்றாம் வகுப்பில் 'ஙப்போல் வளை' என்று படித்தவனிடமா? ஒரே தடவையில் சொன்னேன், கொஞ்சம் ஏமாந்துதான் போனார்கள்.

சரி, பணம். என்னை அனுப்பிய இடைத்தரகு நிறுவனம் வாங்கிய தொகையில் பள்ளிக்கு வந்து சேர்ந்தது இரண்டு கால்பந்து. கட்டும் பணத்தில் பள்ளிக்கு எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். தலைமை ஆசிரியரிடம் நேரடியாகப் பேசவிடாத ஆட்களோடு போகாதீர்கள். சுற்றுலா விசாவில் போய்ப் பள்ளியில் வேலை செய்யவும் கூடாது. தன்னார்வலர்களுக்கு 'சி' வகுப்பு வசிப்பு அனுமதி என்று தனியாக இருக்கிறது. அதை யார் எடுத்துத் தருவார்கள் என்று டிக்கெட் போடுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.