மிளகாய்க் கேள்விகள், காரமான பதில்கள்

கரோலினா ரீப்பர் என்ற கடும் கார மிளகாயின் விதை போட்டு மூன்று வாரம் ஆகிறது, ஒன்றுகூட முளைக்கவில்லை. கூடவே போட்ட சாதாரண மிளகாய் நாற்றாகிவிட்டது. போலி விதையா?

அதற்குள் அப்படி முடிவு கட்ட வேண்டாம் தம்பி. மண்ணைக் கிளறிப் பார்க்கும் ஆசையையும் அடக்கிக்கொள்ளுங்கள். ரீப்பர், ஹபனேரோ எல்லாம் ‘காப்சிகம் சைனென்ஸ்’ என்ற வகையறா. சாதாரண மிளகாயைவிட நிதானமாகத்தான் முளைக்கும். ஒரு மாதம் எடுத்துக்கொள்வதும் உண்டு. அதற்கு வேண்டியது வெளிச்சம் அல்ல, சூடு. மண் 27 முதல் 30 டிகிரி செல்சியஸ் வரை வெதுவெதுப்பாக இருக்கட்டும். அரை சென்டிமீட்டர் ஆழம் போதும். ஈரம் இருக்கலாம், சொதசொதப்பு கூடாது, விதை அழுகிவிடும். முளைத்த அன்றே வெளிச்சத்துக்கு மாற்றுங்கள். முதலில் விரியும் விதையிலைகள் போக நாலு நிஜ இலை வந்ததும் சிறு தொட்டி, பிறகு 15, 20 லிட்டர் பிடிக்கும் பெரிய தொட்டி. முதல் பழம் சிவக்க நடவிலிருந்து மூன்று, நான்கு மாதம் ஆகும். ஒரே ஒரு செடி பிழைத்தால்கூட வருத்தப்படாதீர்கள். ஒரு வீட்டுக்கு அதுவே அதிகம்.

பெப்பர் எக்ஸ் விதை விற்பனைக்கு இருக்கிறது என்கிறார் நண்பர். வாங்கலாமா?

வேண்டாம். 2023-இல் உலகிலேயே காரமான மிளகாய் என்று கின்னஸில் ஏறியது அது. சராசரி 26,93,000 ஸ்கோவில் (காரத்தை அளக்கும் அலகு). ரீப்பரை உருவாக்கிய அமெரிக்கர் எட் கறிதான் அதையும் உருவாக்கினார். விதையை அவர் பொதுவிற்பனைக்கு விடவில்லை. அந்தப் பெயரில் பொட்டலம் விற்றால், உள்ளே இருப்பது வேறெதுவோ. உங்களுக்கு ரீப்பரே போதும். சராசரி 16 லட்சம் ஸ்கோவிலைத் தாண்டும் பழம் அது. ஹலப்பீனோ என்ற மெக்சிகோ மிளகாய் 8,000-ஐத் தாண்டுவதே அபூர்வம்.

செடியைத் தண்ணீர் காட்டாமல் வாடவிட்டால் காரம் ஏறுமாமே?

காரத்தின் பெரும்பங்கு விதையிலேயே முடிவாகிவிடுகிறது. காய் பிடித்த பிறகு லேசாகக் காயவிட்டால் சில ரகங்களில் கொஞ்சம் ஏறும்; சிலவற்றில் வித்தியாசமே தெரியாது. ஆனால் வாடிய செடி முதலில் பூவைக் கொட்டும், அடுத்து பிஞ்சைக் கொட்டும். பதினாறு லட்சத்தைப் பதினேழாக்கி யார் நாக்கில் அளக்கப் போகிறீர்கள்? மேல்மண் ஒரு விரல் ஆழம் காய்ந்ததும் நன்றாக நனைத்துவிடுங்கள், அவ்வளவுதான்.

செடி புதர்போல் செழித்திருக்கிறது. பூவெல்லாம் உதிர்கிறது.

தழைச்சத்தை (நைட்ரஜன்) நிறுத்துங்கள், சாம்பல்சத்து (பொட்டாஷ்) கொடுங்கள். பகல் 35 டிகிரியைத் தாண்டினால் உச்சிவெயிலுக்கு நிழல்வலை கட்டுங்கள். சூடு தணிந்ததும் காய்க்கும்.

இவ்வளவு காரமான செடியைப் பூச்சி அண்டாது அல்லவா?

நன்றாக அண்டும்! காரம் காய்க்குள்தான், இலையில் இல்லை. இலை மேல்நோக்கிச் சுருண்டால் இலைப்பேன், கீழ்நோக்கிச் சுருண்டால் சிலந்திப்பேன் என்று சந்தேகப்படுங்கள். கொழுந்தின் அடிப்பக்கத்தை லென்ஸ் வைத்துப் பாருங்கள். வேப்பெண்ணெயோடு சில சொட்டு சோப்புக்கரைசல் கலந்து மாலையில் தெளியுங்கள். பறவைகளும் வரும். நமக்கு எரிச்சலைத் தரும் கேப்சைசின் அவற்றுக்கு உறைப்பதே இல்லை. விதையைத் தூரம் கொண்டுபோய்ப் போடட்டும் என்று செடி செய்துகொண்ட ஏற்பாடு. பழம் மிஞ்ச வேண்டுமானால் வலை போடுங்கள்.

பக்கத்துத் தொட்டியில் குடைமிளகாய் இருக்கிறது. அதுவும் காரமாகிவிடுமா?

இந்தக் காய் ஆகாது. மகரந்தம் கலந்திருந்தால் அதன் விதையிலிருந்து வரும் அடுத்த செடியில்தான் தெரியும். விதை எடுப்பதாக இருந்தால் மட்டும் பூவுக்குச் சல்லடைத் துணிப்பை கட்டுங்கள்.

நறுக்கியபின் எத்தனை முறை கழுவியும் கை எரிகிறது.

கேப்சைசின் தண்ணீரில் கரையாது அம்மா. சமையல் எண்ணெயைத் தேய்த்துத் துடைத்துவிட்டு, பிறகு சோப்புப் போடுங்கள். அடுத்த முறை ரப்பர் கையுறை, ஜன்னல் திறந்த அறை. விதையை நீக்கினால் காரம் போய்விடும் என்று நம்ப வேண்டாம். அது ஊறுவது விதை ஒட்டியிருக்கும் வெள்ளைச் சதையில். வாய் எரிந்தால் பால் உதவும். கண்ணில் பட்டால் பாலை ஊற்றிப் பரிசோதனை செய்யாமல், சுத்தமான தண்ணீரால் பல நிமிடம் கழுவுங்கள். எரிச்சல் அடங்காவிட்டால் மருத்துவரிடம் போங்கள். மிளகாயை ஓவன் அடுப்பில் உலர்த்துகிறவர்கள் கவனம்: அந்தப் புகை வீட்டையே இருமவைக்கும்.

நண்பர்களுக்குள் முழு ரீப்பர் தின்னும் பந்தயம் வைக்கலாம் என்றிருக்கிறோம். செடி எப்போது தயாராகும்?

2018-இல் ஒரு பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளிவந்த விவரத்தைச் சொல்கிறேன். போட்டியில் ரீப்பர் தின்ற 34 வயதுக்காரருக்குத் தாங்க முடியாத தலைவலி அலையலையாய் வந்தது. ஸ்கேனில் மூளையின் இரத்தக்குழாய்கள் சில சுருங்கியிருந்தன. அவர் தேறிவிட்டார். ஒரு பழத்தைக் குழம்பில் போட்டு பத்துப் பேர் சாப்பிடுவதாக இருந்தால் எழுதுங்கள், நாள் கணக்குச் சொல்கிறேன். பந்தயத்துக்கென்றால் என்னைக் கேட்காதீர்கள்.