கல்லுக்குள் இருந்தாலும் தேரைக்கு ஈரம் வேண்டும்

கேள்வி: ஏழாம் வகுப்பு படிக்கும் என் மகள் நான்கு மாதங்களுக்கு முன் தோட்டத்துக் குழாயடியில் இருந்து ஒரு தேரையைப் பிடித்து வந்து, பழைய மீன் தொட்டியில் வளர்க்கிறாள். அடியில் வண்ணக் கற்கள், ஓரத்தில் ஒரு கிண்ணம் தண்ணீர். கரப்பான் பூச்சியை விட்டால் லபக்கென்று பிடிக்கும். வெயில் தாங்காது என்று சென்ற மாதம் தொட்டியை எங்கள் ஏசி படுக்கையறைக்கு மாற்றினோம். இப்போது 12 நாளாக எதையும் சாப்பிடவில்லை. சோறு, அவித்த முட்டை வைத்துப் பார்த்தோம், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பக்கத்து வீட்டு மாமி ஃபில்லரில் பால் ஊற்றச் சொல்கிறார். என் மாமனாரோ, "கல்லுக்குள் இருக்கிற தேரையே பிழைக்குது, இது பிழைக்காதா" என்கிறார். என்ன செய்யலாம்?
— ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: முதலில் அந்த ஃபில்லரை எடுத்து உள்ளே வைத்துவிடுங்கள். தேரைக்குப் பால் உணவே இல்லை. வாயைப் பிளந்து ஊற்றினால் மூச்சுக்குழாய்க்குள் போகும், தாடையிலும் காயம் படும். பட்டினி இன்னும் சில நாள் அவகாசம் கொடுக்கும், பால் கொடுக்காது.

உங்கள் மாமனார் சொல்வதில் பாதி உண்மை உண்டு. 1825-இல் ஆக்ஸ்போர்டின் புவியியல் அறிஞர் வில்லியம் பக்லண்ட் இதையே சோதித்துப் பார்த்தார். கல்லில் குழிகள் வெட்டி, 24 தேரைகளை உள்ளே வைத்து மூடி, தன் தோட்டத்தில் புதைத்தார். ஓராண்டு கழித்துத் தோண்டினால், கெட்டியான மணற்கல்லுக்குள் இருந்தவை அத்தனையும் செத்திருந்தன. நுண்துளைகள் உள்ள சுண்ணாம்புக்கல்லில் இருந்த பெரிய தேரைகளில் பல உயிரோடு இருந்தன, சின்னவை இல்லை. மனிதர் விடவில்லை, பிழைத்தவற்றை மறுபடி மூடினார். இரண்டாம் ஆண்டு முடிவதற்குள் அவையும் போய்விட்டன. காற்றும் ஈரமும் கசிகிற கல்லாக இருந்தால் உடம்பில் சதை உள்ள தேரை பட்டினியைத் தாங்கும். அதற்கும் ஓர் எல்லை உண்டு. உங்கள் வீட்டுத் தொட்டிக்கும் இதே கணக்குதான்.

நன்றாக வளர்ந்த தேரை இரண்டு மூன்று வாரம் சாப்பிடாமல் இருக்கலாம், உடம்பில் ஈரம் குறையாத வரைக்கும். அதனால் 12 நாள் என்பது பதற வேண்டிய கணக்கு இல்லை, சும்மா இருந்துவிடும் கணக்கும் இல்லை. சமையலறை டிஜிட்டல் தராசில் ஒரு டப்பாவோடு நிறுத்து எடையைக் குறித்து வையுங்கள். மூன்று நாளுக்கு ஒருமுறை பார்த்தால் போதும். எடை இறங்கிக்கொண்டே போனாலோ, இடுப்பெலும்பு துருத்திக்கொண்டு தெரிந்தாலோ காத்திருக்க வேண்டாம்.

என் சந்தேகம் முழுக்க அந்த ஏசி அறைமேல்தான். தேரைக்குச் சொந்தச் சூடு கிடையாது. சுற்றியுள்ள காற்று எவ்வளவு சூடோ அவ்வளவுதான் அதன் வயிறும். நம்மூர்த் தேரைக்கு 25 முதல் 29 டிகிரி வரை சுகம். இரவெல்லாம் 20, 22 டிகிரியில் கிடந்தால் செரிமானம் மந்தமாகும், பசி எடுக்காது. போதாததற்கு ஏசி காற்றில் இருக்கும் ஈரத்தையும் உறிஞ்சிவிடும். அப்புறம் நீங்கள் எழுதாத ஒன்றைக் கேட்கிறேன்: அந்த அறையில் கொசுவிரட்டி மெஷின் மாட்டியிருக்கிறீர்களா? அந்த மருந்து பூச்சிகளின் நரம்பைத் தாக்கும் வகை. தேரையின் தோல் அதைச் சுலபமாக உள்ளே வாங்கிவிடும். கதவைச் சாத்திய அறையில் இரவு முழுக்க அதைச் சுவாசித்தால் சாப்பாடு மட்டுமா நிற்கும்? இன்றைக்கே தொட்டியை வெளியே எடுங்கள். வெயில் நேராகப் படாத, காற்றோட்டமான கூடம் போதும். சாம்பிராணி, ரூம் ஸ்பிரே, பெயின்ட் வாசனையும் அண்டக் கூடாது.

அடுத்து தண்ணீர். தேரை வாயால் தண்ணீர் குடிப்பதில்லை. அடிவயிற்றிலும் தொடைப்பக்கமும் உள்ள தோல் வழியாகத்தான் உறிஞ்சிக்கொள்ளும். உட்காருகிற தண்ணீர்தான் அதற்குக் குடிக்கிற தண்ணீர். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றாதீர்கள். அகலமான பாத்திரத்தில் ஒரு நாள் திறந்து வைத்துவிட்டுப் பயன்படுத்துங்கள். கிணற்றுத் தண்ணீர் நல்லது, உப்புக் கரிக்காமல் இருந்தால். ஆர்ஓ தண்ணீர் சுத்தமாயிற்றே என்று ஊற்றுபவர்கள் உண்டு. தாதுக்களே இல்லாத தண்ணீர் அதன் உடம்பு உப்பை வெளியே இழுக்கும்.

அந்தத் தண்ணீரை ஒரு தட்டில் வயிறு நனையும் அளவுக்கு மட்டும் ஊற்றி, காலையும் மாலையும் 20 நிமிடம் தேரையை உட்கார வையுங்கள். முகவாய்க்கு மேல் தண்ணீர் வரக் கூடாது. சித்தர் தேரையர் கதை தெரிந்திருக்கும்: அகத்தியர் அரசன் மண்டையைத் திறந்தால் மூளைமேல் தேரை. பிடித்து இழுக்காமல் அவருடைய சீடரான தேரையர் ஒரு பாத்திரத்தில் தண்ணீரைக் காட்டினார், அது தானே குதித்தது. கதை எப்படியோ, கட்டியவருக்குத் தேரையின் குணம் தெரிந்திருக்கிறது. பல நேரம் இந்த ஊறலும் சரியான சூடும் சேர்ந்தே நாலைந்து நாளில் பசியைத் திருப்பிவிடும்.

வண்ணக் கற்களை எடுத்துவிடுங்கள். பூச்சியைப் பிடிக்க நாக்கை வீசும்போது கல்லும் ஒட்டிக்கொண்டு வயிற்றுக்குள் போகும், குடல் அடைக்கும். கடைசியாக எப்போது எச்சம் போட்டது என்று மகளிடம் கேளுங்கள். இப்போதைக்கு அடியில் ஈரமான பருத்தித் துணியோ வெள்ளைக் காகிதமோ போதும், எச்சம் போட்டால் உடனே தெரியும். குணமான பிறகு தேங்காய் நார்க்கழிவு போடலாம். அதில் உப்பு இருக்கும், இரண்டு மூன்று முறை ஊறவைத்துப் பிழிந்துவிட்டுப் போடுங்கள். தொட்டியைக் கழுவ வெந்நீர் மட்டும். டெட்டால், பினாயில் எதுவும் வேண்டாம்.

சோற்றையும் முட்டையையும் ஏன் பார்க்கவில்லை என்றால், அசையாத பொருள் தேரைக்கு உணவே இல்லை. ஜெர்மன் ஆய்வாளர் யோர்க்-பீட்டர் ஏவர்ட் அட்டைத் துண்டுகளை நகர்த்திக் காட்டி இதை விரிவாக ஆராய்ந்தார். நீளவாக்கில் நகரும் மெல்லிய துண்டைப் புழுவென்று பாயும். அதே துண்டை நெட்டுக்குத்தாக நிறுத்தி நகர்த்தினால் கண்டுகொள்ளாது. அதனால் மண்புழுவைத் தொங்கவிட்டு ஆட்டாதீர்கள், தரையில் நெளிய விடுங்கள். தோட்டத்து மண்புழுவாகப் பாருங்கள். உரக்குழியில் வளர்க்கும் சிவப்புப் புழுவின் கசப்புப் பிடிக்காமல் பல தேரைகள் துப்பிவிடும்.

நான்கு நாள் கழித்து, விளக்கு மங்கிய மாலையில், இந்தப் புழுவை வைத்தே ஒரு சோதனை செய்யுங்கள். எதிரே புழு நெளியும்போது தேரை என்ன செய்கிறது? பகலில் கண்மூடி இருப்பது இயல்பு. இருட்டியும் திரும்பாவிட்டால் குளிர், நீர்க்குறைவு, நோய் என்று உடம்பு முழுக்கத் தழுவிய சிக்கல். பார்த்துவிட்டுப் பாயாமல் இருந்தால் பெரும்பாலும் பயம்தான். மகள் எத்தனை முறை கையில் எடுக்கிறாள்? ஒரு வாரம் தொட்டியின் மூன்று பக்கமும் காகிதம் ஒட்டி, உள்ளே ஓர் உடைந்த மண்சட்டியைக் கவிழ்த்துவையுங்கள்.

பாய்கிறது, ஆனால் பிடிக்க முடியவில்லை என்றால் கதை வேறு. பசி இருக்கிறது, நாக்கில் பசை இல்லை. அமெரிக்காவில் கூண்டில் வளர்த்த வயோமிங் தேரைகளுக்கு இப்படித்தான் ஆனது. வைட்டமின் ஏ குறைந்து நாக்கின் சுரப்பிகள் கெட்டுப்போயிருந்தன. ஒரே வகைப் பூச்சியே உண்ணும் தேரைக்கு இது வரலாம். மருந்துக் கடைக் காப்ஸ்யூலை உடைத்து ஊற்றிவிடாதீர்கள், அளவு மீறினால் விஷம். மருத்துவர் எடை பார்த்துக் கொடுக்க வேண்டியது அது.

கீழ்வயிறும் தொடையும் சிவந்தாலோ, உடம்பு பலூன்போல உப்பினாலோ, தோல் ஓயாமல் உரிந்தாலோ, மல்லாத்தினால் நிமிர முடியாவிட்டாலோ இந்தக் கைவைத்தியம் எதுவும் வேண்டாம், அன்றைக்கே கிளம்புங்கள். உங்களுக்கு ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரி பக்கம்தான். தவளை, தேரை பார்ப்பார்களா என்று போனில் கேட்டுவிட்டுப் போவது நல்லது. துளையிட்ட டப்பாவில் ஈரத்துணி விரித்து எடுத்துச் செல்லுங்கள், புது எச்சம் கிடைத்தால் தனிச் சிமிழில். குடல்புழுவைக் கண்டுபிடிக்க அதுதான் வழி. வீட்டில் நாய்க்கு வாங்கிய புழு மருந்து இருந்தால் அதைத் தொடவே தொடாதீர்கள்.

சாப்பிடத் தொடங்கினால் முதல் நாள் ஒரு சின்னப் புழு, இரண்டு நாள் விட்டு இன்னொன்று. ஆசையில் நாலைந்தைத் திணிக்க வேண்டாம். மருந்தடித்த வீட்டுக் கரப்பான் இனி கூடவே கூடாது. தொட்ட பிறகு மகள் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். மரு வரும் என்பதெல்லாம் பொய், ஆனால் கண்ணுக்குப் பின்னால் இருக்கும் சுரப்பியின் பால் கண்ணில் பட்டால் எரியும். தேரையைத் தொடும் முன்பும் கையை வெறும் தண்ணீரில் நன்றாக அலசட்டும், கையில் இருக்கும் கிரீம், சோப்பு அதற்கு ஆகாது.

எடை பழையபடி ஏறிவிட்டால், முதல் மழை பெய்த ஒரு மாலையில் அதே குழாயடியில் விட்டுவிடச் சொல்லி மகளைச் சம்மதிக்க வையுங்கள். கடையில் வாங்கிய மீனோ தவளையோ அதே தொட்டியில் உடன் இருந்திருந்தால் மட்டும், விடுவதற்கு முன் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.