வாடகையில் கழித்தீர்கள், வேலை உங்களுடையதாகிவிட்டது

கேள்வி: திருகோணமலை உவர்மலையில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் நான். மேல்மாடியை ஒரு குடும்பத்துக்கு வாடகைக்கு விட்டிருக்கிறேன். ஏசிக்கென்று தனியாக இழுத்திருந்த லைனிலிருந்து சமையலறைக்கு இரண்டு பிளக் பொயின்ட் எடுக்கலாமா என்று வட்ஸ்அப்பில் கேட்டார்கள். "தெரிந்த பையனை வைத்துச் செய்யுங்கள், செலவை வாடகையில் கழியுங்கள்" என்று பதில் போட்டேன். 12,000 ரூபா கழித்து ரசீதும் எழுதிக் கொடுத்தேன். பிரேக்கர் அடிக்கடி விழுந்ததால் 20 அம்பியரை எடுத்துவிட்டு அந்தப் பையன் 32 அம்பியர் போட்டிருக்கிறான். இது எனக்கு இப்போதுதான் தெரியும். சென்ற மாதம் பொயின்ட் தீப்பிடித்து அலுமாரிகள் எரிந்தன. அந்த வீட்டுப் பெண் மின்சாரம் தாக்கி வைத்தியசாலையில் இரண்டு நாள் இருந்தார். பிள்ளைகளைப்போல் நான் பார்த்துக்கொண்டவர்கள் தெருவில் நின்று என்னைத் திட்டி, நட்டஈடும் கேட்கிறார்கள். வயரிங் வேலை பற்றி எதுவுமே தெரியாது என்று பொலிஸில் சொல்லிவிட்டேன். மூன்று இலட்சம் ரூபா சேதத்துக்கு அவர்கள் மீது வழக்குப் போடலாமா? மின்சார சபை மீதும் போடலாமா?

பதில்: ஐயா, அவர்கள் திட்டியதையும் நீங்கள் பார்த்துக்கொண்ட விதத்தையும் விட்டுவிடுவோம். எந்த நீதிமன்றமும் அதற்கு விலை போடாது. மின்சார சபையையும் விட்டுவிடுங்கள். மீற்றருக்கு உட்பக்கத்து வயரிங் பாவனையாளரின் பொறுப்பு. வோல்ட்டேஜ் கூடியது என்பதற்கு உங்களிடம் ஒரு சான்றும் இல்லை. பிரேக்கரை மாற்றியதற்கோ சான்று சுவரிலேயே இருக்கிறது.

உங்கள் கடிதத்தில் சட்டத்துக்கு வேண்டிய ஒரே விடயம் அந்த 12,000 ரூபா. குடியிருப்பவர் தன் வசதிக்காகத் தன் செலவில், உங்களுக்குத் தெரியாமல் செய்திருந்தால் உங்கள் கை ஓங்கியிருக்கும். நீங்கள் அனுமதித்தீர்கள், பணத்தையும் நீங்களே ஏற்றீர்கள், ரசீதும் கொடுத்தீர்கள். அது உங்கள் வீட்டுக்கு நீங்கள் செய்வித்த வேலை, அவர் உங்களுக்காக ஆள் பிடித்துக் கொடுத்தவர் என்றுதான் எதிர்த்தரப்புச் சட்டத்தரணி வாதிடுவார். நானாக இருந்தாலும் அப்படித்தான் வாதிடுவேன்.

நம் நாட்டுத் தீங்கியல் சட்டம், அதாவது ஒருவர் இன்னொருவருக்கு விளைவித்த தீங்குக்கு நட்டஈடு கேட்கும் சட்டம், ரோமன்-டச்சு வழி வந்தது. வீட்டுக்காரர் என்பதற்காக மட்டும் பொறுப்பு வராது, கவனயீனம் காட்டப்பட வேண்டும். ஒப்பந்தக்காரன் செய்த தவறு பொதுவாக உங்கள் தலையில் விழாது. ஆனால் தகுதி இல்லாதவனிடம் ஆபத்தான வேலையை ஒப்படைத்தது உங்கள் சொந்தக் கவனயீனமாகிவிடும். "தெரிந்த பையன்" என்ற இரண்டு சொற்கள் உங்களுக்கு எவ்வளவு செலவு வைக்கும் என்று நீங்கள் நினைத்திருக்க மாட்டீர்கள்.

வேலையின் தரத்துக்கு ஆதரவாக வாதிடவோ இடமே இல்லை. பிரேக்கர் காப்பது வயரைத்தான். 2,000 வொட் இண்டக்ஷன் அடுப்பு 230 வோல்ட்டில் ஒன்பது அம்பியருக்குக் கிட்ட இழுக்கும், கேத்தலும் அப்படியே, மேலே ஏசியும் ஓடுகிறது. 20 அம்பியர் பிரேக்கர் விழுந்தது சரியாகத்தான் விழுந்தது. அதே வயரை வைத்துக்கொண்டு 32 ஆக்கினால், வயர் வெந்து போகும்வரை பிரேக்கர் அசையாது. கடற்காற்றில் முனைகள் துருப்பிடித்துத் தளர்ந்திருந்தால் இன்னும் சீக்கிரம். எந்த மின்பொறியியலாளரும் சாட்சிக் கூண்டில் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடுவார்.

ஆனாலும் நான் பயப்படுவது வயரை அல்ல, உங்கள் வாக்குமூலத்தை. இப்படிப்பட்ட வழக்குகளில் கட்சிக்காரர்கள் தீயால் தோற்பதைவிட, தீ அணைந்தபின் பேசியதால் தோற்பதே அதிகம். பதற்றத்தில் பொலிஸில் "எனக்கு ஒன்றும் தெரியாது" என்பார்கள். பிறகு ரசீது வெளிவரும், வட்ஸ்அப் வரும். 2006ஆம் ஆண்டின் இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டத்தின் பின் அந்தச் செய்தியைத் தள்ளிவிடவும் முடியாது. அதற்கப்புறம் நீங்கள் சொல்லும் உண்மையையும் நீதிபதி நம்ப மாட்டார். பிரேக்கர் மாற்றியது தெரியாது என்பது உண்மைதானே? அதுவும் இந்தப் பொய்யோடு சேர்ந்து போய்விடும்.

அந்தப் பெண் வைத்தியசாலையில் தங்கியிருக்கிறார், ஆகவே சட்ட வைத்திய அறிக்கை இருக்கக்கூடும். கவனயீனத்தால் காயம் விளைவித்தல் தண்டனைச் சட்டக்கோவையின் 328ஆம் பிரிவு. அவர் இறந்திருந்தால் 298ஆம் பிரிவு, ஐந்து வருடம்வரை சிறை. தப்பினீர்கள். ஒரு சட்டத்தரணியோடு போய் மேலதிக வாக்குமூலம் கொடுத்து, அனுமதி கொடுத்ததை ஒப்புக்கொள்ளுங்கள்; பிரேக்கர் மாற்றியது தெரியாது என்பதையும் தெளிவாகப் பதியச் செய்யுங்கள்.

இன்னொன்று. எரிந்த பொயின்டையும் பிரேக்கரையும் கழற்றி எறிந்துவிட்டு, சுவருக்குப் பெயின்ட் அடித்து வைத்திருந்தால் நல்லதில்லை. இன்னும் செய்யவில்லையென்றால் கை வைக்காதீர்கள். அந்த லைனை நிறுத்திவிட்டு, படம் எடுத்து, தகுதிச் சான்றிதழ் உள்ள மின்னியலாளரிடம் எழுத்தில் அறிக்கை வாங்குங்கள். அவர்களின் கவனயீனத்தைக் காட்டவும் அந்த 32 அம்பியர் பிரேக்கர்தான் உங்களுக்கு உதவும்: பழைய 20 அம்பியர் பிரேக்கர் விழுந்து விழுந்து எச்சரித்தபோது உங்களிடம் சொல்லாமல் மாற்ற விட்டவர்கள் அவர்கள்.

வழக்குப் போடலாமா என்றால், போடலாம். மூன்று இலட்சத்துக்கு முதலில், இரு தரப்பையும் பேசி இணக்கப் பார்க்கும் மத்தியஸ்த சபை. அங்கே இணக்கம் வராவிட்டால்தான், இணக்கம் வரவில்லை என்று சபை தரும் சான்றிதழோடு மாவட்ட நீதிமன்றம். நீங்கள் கேட்ட அன்றே அவர்கள் எதிர்க்கோரிக்கை வைப்பார்கள். அலுமாரியைவிடக் காயப்பட்ட கைக்கு மதிப்பு அதிகம். இரு தரப்புக் கவனயீனத்தையும் பங்கிட்டு, கடைசியில் நீங்கள் கொடுக்க வேண்டியவராக முடியலாம்.

மத்தியஸ்த சபையிலேயே முடித்துவிடுங்கள். வைத்தியச் செலவைக் கொடுங்கள், முற்பணத்தைத் திருப்புங்கள், உங்கள் மூன்று இலட்சத்தை மறந்துவிடுங்கள். பொறுப்பை ஒப்புக்கொள்ளாமல், இரு தரப்பும் எல்லாக் கோரிக்கைகளையும் கைவிடுவதாக எழுதி, அந்தப் பெண்ணே கையெழுத்திட வேண்டும். கணவரின் கையெழுத்து போதாது. தன் காயத்துக்கு வழக்குத் தொடர அந்தப் பெண்ணுக்கு இரண்டு வருடம் இருக்கிறது. இப்போது கேட்பதற்கு நீங்கள் இணங்காவிட்டால், அந்த இரண்டு வருடத்துக்குள் கேட்கும் தொகை இதைவிடக் குறைவாக இருக்காது.