டேலிக்கு ஆர்டர் ஏற்ற ரௌட்டரைத் திறக்க வேண்டுமா?

கேள்வி: திருப்பூரில் பனியன் மொத்த வியாபாரம் செய்கிறோம். இணையதளத்தில் வரும் ஆர்டர்களைக் கடைப் பையன் டேலி கணக்கு மென்பொருளில் மறுபடி அடிக்கிறான். ‘ஏபிஐ போட்டுத் தருகிறேன், தானாக ஏறிவிடும்’ என்று ஒருவர் வந்திருக்கிறார். ரௌட்டரில் 9000 போர்ட்டைத் திறக்கச் சொல்கிறார். வருடத்துக்கு 40,000 ரூபாயாம். செய்யலாமா?

பதில்: ஆர்டரைத் தானாக ஏற்றலாம். ஏபிஐ என்பது இரண்டு மென்பொருள்கள் தமக்குள் தகவல் பரிமாறும் வழி, அவ்வளவுதான். போர்ட்டை, அதாவது வெளியிலிருந்து உங்கள் கணினிக்குள் வரும் வாசலை மட்டும் திறக்காதீர்கள்.

டேலிபிரைமில் எஃப்1 அழுத்தி, செட்டிங்ஸில் கனெக்டிவிட்டி பாருங்கள். டேலியைச் சர்வராக இயங்கவிட்டு 9000 என்று கொடுத்தால் போதும்; அந்தக் கணினியில் உள்ள எந்த நிரலும் எக்ஸ்எம்எல் (குறிச்சொற்கள் இட்ட தகவல் வடிவம்) அனுப்பி வவுச்சர், அதாவது கணக்குப் பதிவு போடலாம். அவர் விலை சொல்வது டேலியோடு கூடவே வரும் இந்த வசதிக்குத்தான். டேலியில் உங்கள் கம்பெனிக் கணக்கு திறந்திருந்தால் அந்த வாசலில் ‘நீ யார்’ என்று கேட்க ஆள் கிடையாது. ரௌட்டரிலும் திறந்துவிட்டால் ஊரில் எவனும் உங்கள் லெட்ஜரைப் படிக்கலாம், எழுதவும் செய்யலாம். தன் வீட்டிலிருந்தே வேலையை முடிக்க அவருக்கு இது வசதி, அவ்வளவுதான்.

திசையை மாற்றச் சொல்லுங்கள். டேலி உள்ள கணினியில் ஒரு சின்ன நிரல் ஓடட்டும். 5 நிமிடத்துக்கு ஒருமுறை அதுவே இணையதளத்தைக் கூப்பிட்டுப் புது ஆர்டர்களை வாங்கி, உள்ளுக்குள்ளேயே டேலிக்குக் கொடுக்கட்டும். இரவில் கணினியை அணைத்தாலும் ஆர்டர் தளத்தில் காத்திருக்கும்.

முதலில் இடறுவது சரக்கின் பெயரில். தளத்தில் ‘ஆர்.என். 85’, டேலியில் ‘ஆர்.என். பனியன் 85’. ஒரு சொல்தான், ஆனால் டேலிக்கு அது இல்லாத சரக்கு. கடைப் பெயரில் ‘&’ வந்தால் அதற்குரிய எக்ஸ்எம்எல் மாற்றுக் குறியீட்டில் அனுப்ப வேண்டும்; அப்படியே போனால் மொத்தக் கோப்பும் உடையும். இதில் எரிச்சலான விஷயம், வவுச்சர் ஏறாவிட்டாலும் டேலி 200, அதாவது ‘சரி’ என்றே பதில் தரும். இத்தனை வருடமாகியும் இப்படித்தான். பதிலுக்குள்ளே ‘கிரியேட்டட்’ 1, ‘எரர்ஸ்’ 0 என்று இருக்கிறதா எனப் பார்த்த பிறகே ஆர்டரை ‘முடிந்தது’ எனக் குறிக்க வேண்டும்.

ஒரு சிக்கலை மட்டும் விடாமல் கேளுங்கள். வவுச்சர் ஏறிவிட்டது, பதில் வருவதற்குள் மின்சாரம் போய்விட்டது. நிரல் என்ன நினைக்கும்? ஏறவில்லை என்று மறுபடி அனுப்பும். ஒரே ஆர்டருக்கு இரண்டு பில், இருப்பு இரண்டு முறை குறையும், ஜிஎஸ்டி கணக்கிலும் இரண்டு முறை வரும். அதனால் ஒவ்வொரு வவுச்சரின் ரெஃபரன்ஸிலும் தள ஆர்டர் எண் இருக்க வேண்டும். பதில் வராத ஆர்டரை மறுபடி அனுப்பும் முன், அந்த எண் டேலியில் இருக்கிறதா என்று நிரல் தேடிப் பார்க்க வேண்டும். ‘அதெல்லாம் நடக்காது சார்’ என்றால் ஆளை மாற்றுங்கள்.

தளத்தின் ஏபிஐ சாவி உங்கள் கணக்கில் இருக்கட்டும், அதுவும் ஆர்டரைப் படிக்கும் உரிமையோடு மட்டும். நிரலின் மூலக்கோப்பைக் கையில் வாங்காமல் கடைசித் தவணை கொடுக்காதீர்கள். இல்லாவிட்டால் அந்த 40,000 ஆண்டுச் சந்தா அல்ல, பணயத்தொகை.

டெமோவில் எல்லா வவுச்சருக்கும் 1 அல்லது 2ஆம் தேதி போட்டிருந்தால், அவர் லைசென்ஸ் இல்லாத, சில தேதிகளை மட்டுமே ஏற்கும் எஜுகேஷனல் மோடில் காட்டுகிறார் என்று பொருள். உங்கள் கம்பெனியின் நகலில், அன்றைய தேதியிட்டு, ஒரே ஆர்டரை இரண்டு முறை அனுப்பிக் காட்டச் சொல்லுங்கள்; ஒரு பில்தான் விழ வேண்டும்.